தீ, காற்று, சுங்கம்: பின்னிஷ் ராப் கேட்கத் தொடங்குவது எப்படி

பின்லாந்து நாட்டின் மொழியான பின்னிஷில் செய்யப்படும் ராப்புக்குள் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியது மாதிரி முடி, சட்டை இல்லாத உடம்பு, கைகளுக்கும் தோளுக்கும் மட்டும் பளபளக்கும் பச்சைத் துணி. அந்த ஆள் ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து கத்துவார். யாரோ அனுப்பிய காணொளியில் அதைப் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர் கேரியா. 2023 மே மாதம் லிவர்பூலில் நடந்த, நாடுகளுக்கு இடையிலான ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 'ச்சா ச்சா ச்சா' பாடியவர்.

பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போனவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். 'இந்த ஆள் என்ன மொழியில் பேசினார், இவருக்கு முன்னால் யார் இருந்தார்கள், இன்னும் என்ன கேட்கலாம்' என்று ஒரு நிமிடம் யோசித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: அந்த மூன்று நிமிடத்தையே மூன்று முறை

முதல் முறை படத்தோடு பாருங்கள். இரண்டாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். பாட்டு நடுவில் இரண்டாக உடைவது அப்போதுதான் தெரியும். முன்பாதி இரும்பை அடிக்கிற மாதிரி இசை, அதன்மேல் குரைப்பு போன்ற ராப். ஜெர்மனியின் ராம்ஸ்டைன் இசைக்குழுவைத் தன் ஆதர்சம் என்று கேரியா சொல்லியிருக்கிறார். அந்தச் சாயல் இங்கே கேட்கும். பாதியைத் தாண்டியதும் திடீரென்று கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி ஒரு இனிய மெட்டு வந்துவிடும்.

மூன்றாம் முறை கதையோடு கேளுங்கள். கதை மிகச் சின்னது. வாரம் முழுக்க வேலை செய்து இறுகிப் போன ஒருவன், கையில் பீன்யா கொலாடா என்ற மதுக்கலவைக் கோப்பையோடு இரவைத் தொடங்குகிறான். குடிக்கக் குடிக்கக் கூச்சம் கரைந்து, கடைசியில் ஆட்டக் களத்தில் வந்து நிற்கிறான். இறுகிய முன்பாதி, இளகிய பின்பாதி. மேடையில் இருந்த மரப்பெட்டிக்கும் இதுதான் பொருள். இந்த ஒற்றுமை புரிந்த பிறகு அது வேடிக்கைப் பாட்டாகத் தோன்றாது, அல்லது வேடிக்கையாகத் தோன்றினாலும் நன்றாகத் தைத்த வேடிக்கையாகத் தோன்றும்.

நான் செய்த தவறு, முதல் நாளே ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது. கண் வரிகளைத் துரத்தியது, காது எதையும் பிடிக்கவில்லை. முதல் வாரத்துக்கு வரிகளைத் தேடாதீர்கள்.

இரண்டாம் படி: மதிப்பெண் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஒரு ஆல்பத்தின் பெயர் புரிய இது தேவை. யூரோவிஷன் இறுதிச் சுற்றில் நடுவர் குழுக்கள் ஒரு பக்கமும் பொதுமக்கள் ஒரு பக்கமும் மதிப்பெண் தருவார்கள். பொதுமக்கள் கேரியாவுக்குத் தந்தது 376. ஸ்வீடனின் லொரீனுக்கு அவர்கள் தந்தது 243. நடுவர்கள் கதை தலைகீழ்: லொரீனுக்கு 340, கேரியாவுக்கு 150. மொத்தத்தில் 583-க்கு 526 என்று கேரியா இரண்டாம் இடம். நடுவர் மதிப்பெண்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே அரங்கம் 'ச்சா ச்சா ச்சா' என்று கூவிக்கொண்டிருந்தது. பின்லாந்துக்கு 2006-ல் ஏதென்ஸில் லோர்டி குழு வென்ற பிறகு கிடைத்த மிக நல்ல இடம் அதுதான்.

லோர்டி பாடியது ஆங்கிலத்தில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2022 வரை பின்லாந்து அனுப்பிய எல்லாப் பாட்டும் ஆங்கிலம்தான். பொதுவாக ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் மொழியை மாற்றிக்கொண்டு போவார்கள். கேரியா மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய பாதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இனி வரும் படிகளில் நாம் தொடரப் போவதும் அந்த ஒரு நூலைத்தான்: ராப்புக்கு உதவாது என்று அந்த ஊர்க்காரர்களே நினைத்த ஒரு மொழி எப்படி இங்கே வந்து நின்றது?

மூன்றாம் படி: தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் தங்குங்கள். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது.

பின்னிஷில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றும். எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு இது: துலி என்றால் தீ. தூலி என்றால் காற்று. துல்லி என்றால் சுங்கம். ஆங்கிலக் காதுக்கு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். நமக்கு அப்படிக் கேட்காது. 'பல்' வேறு, 'பால்' வேறு, 'புளி' வேறு, 'புள்ளி' வேறு என்று பழகிய காது. எழுதும்போதும் குழப்பமில்லை, தமிழ் எழுத்து மூன்றையும் தனித்தனியே காட்டிவிடுகிறது. எனவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கேட்ட வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு இடத்தில் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். ஒன்று, நாம் சொல்லின் நடுவில் வரும் ஒற்றை க, த, ப ஆகியவற்றை மெலிதாக்கிவிடுவோம். பின்னிஷில் அவை நடுவிலும் வல்லினமாகவே நிற்கும். குக என்றால் யார், குக்க என்றால் பூ. முதல் சொல்லை 'குஹ' என்று படித்துவிடாதீர்கள். கேரியா வளர்ந்த ஊரான வந்தா, ஹெல்சின்கிக்கு வடக்கே ஒட்டியிருக்கும் நகரம், எழுத்தில் 'நாளைக்கு வந்தா சொல்லு' என்பதுபோல இருக்கும். ஆனால் அந்த 'த' வன்மையாக ஒலிக்கும்.

இரண்டாவது சிக்கல், நம்மிடம் எழுத்தில்லாத உயிர்கள். 'பேங்க்' என்பதை ஆங்கிலச் சாயலோடு சொல்லும்போது வருமே, எகரத்துக்கும் அகரத்துக்கும் நடுவில் ஒரு ஒலி, அது பின்னிஷில் தனி எழுத்து. மேலே இரண்டு புள்ளி வைத்து எழுதுவார்கள், அகரவரிசையில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். புள்ளியை விட்டால் வேறு சொல் ஆகிவிடும். புள்ளியில்லாமல் எழுதினால் மழை, புள்ளி வைத்தால் ஒளிக்கதிர். நான் அந்த ஒலியைக் குறிலாக வந்தால் எ, நெடிலாக வந்தால் ஏ என்று எழுதிக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் கேரியாவின் பெயரைக் 'கேரியெ' என்று எழுத வேண்டும். முடிவு தமிழில் தொங்குவதால் இங்கே 'கேரியா' என்றே விட்டிருக்கிறேன்.

அந்தப் பெயருக்குப் பொருள் 'சுருட்டுபவன்'. சட்டைக் கையைச் சுருட்டுவதற்கும் அதே வினைதான், பணத்தைச் சுருட்டுவதற்கும் அதே வினைதான். நம் வழக்கில் பணத்தைச் சுருட்டினான் என்றால் ஏமாற்றினான் என்றாகிவிடும். அங்கே நிறைய சம்பாதித்தான் என்பதோடு நின்றுவிடும்.

பாடல்களைத் தேடும்போது போனின் ஆங்கில விசைப்பலகையில் முதல் எழுத்தான 'a'-வை அழுத்திப் பிடித்தால் புள்ளி வைத்த வடிவம் மேலே வரும். அதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

நான்காம் படி: பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குங்கள்

ஒரு வாரம் ஆயிற்றா? சரி, இப்போது வரிகளுக்குப் போகலாம்.

வரியை அப்படியே எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால் பாதி வேளை உளறும். காரணம், பின்னிஷும் நம்மைப் போல இரட்டை வழக்குள்ள மொழி. செய்தி வாசிப்பது ஒன்று, நண்பனிடம் பேசுவது வேறு. ராப் முழுக்கப் பேச்சு வழக்கில்தான் வரும். 'நான்' எழுத்தில் மினெ, பேச்சில் மெ. 'நீ' எழுத்தில் சினெ, பேச்சில் செ. 'நான் இருக்கிறேன்' எழுத்தில் மினெ ஒலென், பேச்சில் மெ ஓன். 'என்னுடைய' எழுத்தில் மினுன், பேச்சில் முன். 'உன்னுடைய' எழுத்தில் சினுன், பேச்சில் சுன். இந்த ஐந்தை மட்டும் மாற்றிவிட்டு ஒட்டிப் பாருங்கள், மொழிபெயர்ப்பு எவ்வளவோ தெளியும்.

2008-ல் வந்த ஒரு ஆல்பத்தின் பெயர் 'குக செ ஓத்'. 'நீ யாரு' என்கிற மாதிரி. எழுத்து வழக்கில் 'குக சினெ ஒலெத்' என்று வைத்திருந்தால் அது 'நீ யாராக இருக்கிறாய்' என்று தேர்வுத்தாள் கேள்வி போல ஆகியிருக்கும். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் ச்சீக், அவரிடம் பிறகு வருவோம்.

இன்னொன்று: பின்னிஷில் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல். பேச்சில் அதையும் விட்டுவிட்டு மனிதர்களையே 'அது' என்பார்கள். அவமரியாதை இல்லை, வழக்கு. காதல் பாட்டில் செயலி 'அது என்னைப் பார்த்துச் சிரித்தது' என்று தந்தால் நாயைப் பற்றிய பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: எதுகை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்

பின்னிஷில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ஓரசைச் சொற்களும் குறைவு. ஆங்கில ராப்பில் வரியின் கடைசியில் ஒற்றை அடியாக வந்து விழும் இயைபு இங்கே எளிதில் வராது, சொல்லின் வால் எப்போதும் மெலிந்தே இருக்கும். மேலும் நம்மைப் போலவே சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ என்றால் வீட்டில். தலொஸ்ஸனி என்றால் என் வீட்டில். தலொஸ்ஸனிகின் என்றால் என் வீட்டிலும். நம் 'உம்' போலவே கடைசியில் 'கின்'. ஒரே விகுதியில் முடிக்கும் சொற்களை அடுக்கினால் இயைபு தானாக வரும், ஆனால் அது நாம் ஒவ்வொரு வரியையும் 'கிறேன்' என்று முடிப்பது மாதிரி. கேட்கிறவன் மதிக்க மாட்டான்.

அதனால் அங்கே உயிரெழுத்துகளை வைத்து ஒரு வழி வளர்ந்தது. மெய்யெழுத்து எப்படியும் போகட்டும், இரண்டு மூன்று அசைக்கு உயிர்கள் வரிசையாகப் பொருந்தினால் போதும். தலொஸ்ஸ என்பதோடு ஸனொம என்ற சொல்லைச் சேர்க்கலாம், அதற்குச் செய்தி என்று பொருள். இரண்டிலும் அ, ஒ, அ. நம் எதுகை மெய்யைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுக்கொடுக்கும். அவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு மெய்யை விட்டுக்கொடுக்கிறார்கள். நல்ல ராப்பர் நான்கைந்து அசை வரை இப்படிப் பொருத்துவார். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் இது கண்ணுக்கே தெரியும். கால்களையும் கொம்புகளையும் மட்டும் மேலும் கீழுமாக ஒப்பிட்டால் போதும்.

ஒரு சின்னக் கிளைப்பேச்சு. 1835-ல் எலியாஸ் லொன்ரொத் தொகுத்து வெளியிட்ட, பின்லாந்தின் தேசியக் காப்பியமான கலெவலாவின் பழைய நாட்டுப்புறப் பாட்டுகளில் இறுதி இயைபு கிடையாது. அங்கே அணி, சொல்லின் தலையில் வரும் மோனைதான். அழுத்தம் தலையில் விழும் மொழிக்கு அதுதானே பொருத்தம்? இன்றைய ராப்பிலும் மோனை அடிக்கடி எட்டிப் பார்க்கும். கேட்கும்போது அதையும் கவனியுங்கள்.

ஆறாம் படி: பின்னோக்கி நடங்கள்

இப்போது 1990-க்குப் போங்கள். ராப்தொரி என்ற குழுவின் முதல் ஆல்பம் அந்த ஆண்டு வந்து பெரிய அளவில் விற்றது. முழுக்க நகைச்சுவை. அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது: பின்னிஷில் ராப் என்றாலே கேலி என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 90-களில் தீவிரமாக ராப் செய்ய நினைத்த பலர் ஆங்கிலத்துக்குப் போனார்கள். ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு நகருங்கள், ராப்தொரியை ரசிக்க அந்தக் காலத்து விளம்பரங்கள் வரை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பின்டெலிகன்ஸ். எலாஸ்டினென், இஸொ ஹோ என்ற இருவர். 2000-ல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயருக்குப் பொருள் மறுமலர்ச்சி. தலைப்பிலேயே துணிச்சல், ஆனால் சொன்னது நடந்தது. சிரிப்புக்காக இல்லாமல் பின்னிஷில் ராப் செய்ய முடியும் என்று இந்தத் தலைமுறைதான் நிறுவியது.

பேல்ஃபேஸைத் தவறவிடாதீர்கள். 2001-ல் ஆங்கில ராப்பராக அறிமுகமாகி வெற்றியும் பெற்றவர், 2010-ல் பின்னிஷ் ஆல்பத்தோடு வந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே ஆள், அதே கட்டைக் குரல். பின்னிஷில் வந்ததும் அந்தக் குரல் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து நியாயம் கேட்கிற பெரியவர் குரலாகிவிடுகிறது.

அப்புறம் ச்சீக். இயற்பெயர் யரெ தீஹொனென், 1981-ல் பிறந்தவர், லஹ்தி நகரத்துக்காரர். 2004-ல் முதல் ஆல்பம். 2012-ல் 'சூபே சுன் ஹுமூன்' என்ற பாட்டு, 'உன் சிரிப்புக்குக் காரணம்' என்பதுபோல ஒரு தலைப்பு. நான்காம் படியில் பார்த்த அந்த 'சுன்' இங்கே இருக்கிறது. அதே ஆண்டு தொலைக்காட்சியில் மற்ற பாடகர்களின் பாட்டைப் பாடும் நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டு, ராப்பே கேட்காத குடும்பங்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தார். 2014 ஆகஸ்டில் ஹெல்சின்கி ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் கச்சேரி. ராப்தொரி முதல் இந்த இடம் வரை 24 ஆண்டு.

அவருடைய பகட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தன் பெயரையே ஆல்பத்துக்கு வைத்து, இரண்டாம் பாகமும் போட்ட ஆள். ஆனால் தனக்கு இருமுனை மனநோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகு பழைய பாட்டுகள் வேறு மாதிரி கேட்கின்றன. 2018-ல் அவரையும் இரட்டைச் சகோதரர் யெரெயையும் பற்றித் திரைப்படம் வந்தது. அதில் ஒரே நடிகர் இருவராகவும் நடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் லஹ்தியின் பனிச்சறுக்குத் தாண்டு மேடை அடிவாரத்தில் விடைபெறும் கச்சேரிகளை நடத்தினார். புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கேரியாவின் இயற்பெயரும் யெரெதான், யெரெ பொய்ஹொனென். தேடும்போது இரண்டு யெரெயையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏழாம் படி: மறுபடி கேரியா

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திரும்பினால் 2020-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'ஃபந்தஸ்திஸ்த' கையில் எடுக்கத் தோதாக இருக்கும். யூரோவிஷனுக்கு முன்பே அந்தக் கேலியும் அந்த இரும்படியும் இருந்தன என்பது தெரியும். 1993-ல் பிறந்தவர், இளவயதில் பெருங்குடல் அழற்சி நோயால் அறுவை சிகிச்சை வரை போய்வந்தவர். சட்டையில்லாமல் மேடையில் குதிக்கும் உடம்புக்குப் பின்னால் இப்படி ஒரு கதையும் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் துர்கு நகரில் நடந்த தேசியத் தேர்வில் மக்களும் நடுவர்களும் சேர்ந்தே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லிவர்பூலுக்குப் பிறகு எஸ்தோனியாவின் டாமி கேஷுடன் ஒரு பாட்டு. 2024-ல் மால்மோவில் நடந்த யூரோவிஷன் இறுதிச் சுற்றில் பின்லாந்தின் மதிப்பெண்களை அவர்தான் வாசிப்பதாக இருந்தது, அன்றைக்கே விலகிக்கொண்டார். அதே ஆண்டு வந்த ஆல்பத்தின் பெயர் 'பீப்பிள்ஸ் சாம்பியன்', மக்களின் வெற்றியாளன். 376 என்ற எண் நினைவிருந்தால் தலைப்பில் இருக்கும் குத்தல் புரியும். தலைப்பு மட்டும் ஆங்கிலமாகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நேரில் கேட்கும் வாய்ப்பிருந்தால் கோடையில் போங்கள். ஜூலையில் துர்குவுக்குப் பக்கத்துத் தீவில் ரூய்ஸ்ரொக் இசைவிழா, ஆகஸ்டில் தம்பெரேயில் ராப்புக்கென்றே நடக்கும் பிளாக்ஃபெஸ்ட். வயது வரம்பை டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், மது விற்கும் இடங்களில் 18 வயது விதி உண்டு.

எட்டாம் படி: வடக்கே

பெரும்பாலானோர் ஏழாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் ஒருவர் இருக்கிறார்.

பின்லாந்தின் வட கோடியில் இனாரி ஏரியைச் சுற்றி வாழும், சாமி என்று பெயர் கொண்ட பழங்குடி மக்களின் மொழி இனாரி சாமி. பேசுபவர்கள் சில நூறு பேர்தான். 1997-ல் குழந்தைகளுக்கு அந்த மொழியிலேயே பேசி வளர்க்கும் 'மொழிக்கூடு' ஒன்றைத் தொடங்கியிராவிட்டால் முதியவர்களோடு போயிருக்கும். அந்த மொழியில் ராப் செய்கிறவர் அமொக், இயற்பெயர் மிக்கால் மொரொத்தயா. அவருடைய தந்தை அந்த மொழியைக் காக்கும் முயற்சியில் முன்நின்றவர். முதல் ஆல்பம் 2007-ல் வந்தது. ராப்தொரி காலத்தில் 50 லட்சம் பேர் பேசும் பின்னிஷே ராப்புக்குச் சின்ன மொழி என்று தோன்றியது என்றால், இவர் எடுத்தது எப்பேர்ப்பட்ட முடிவு என்று பாருங்கள். ஊரையே கூட்டி உட்கார வைத்தாலும் ஒரு திரையரங்கம் நிறையாது.

இவரைப் பின்னிஷ் ராப் பட்டியல்களில் தேடினால் அகப்பட மாட்டார். 'இனாரி சாமி ராப்' என்று தேடுங்கள். நான்காம் படியில் சொன்ன ஐந்து சொல் தந்திரம் இங்கே செல்லாது, இது வேறு மொழி. மூன்றாம் படியின் நோட்டு மட்டும் செல்லும். அதை எடுத்துப் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள்.